மருமகன் சட்டம், மாமா விறகு

விறகைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஒரு கட்டையைக் கையில் எடுத்தால், அது வெட்டுப்பட்டு எத்தனை நாள் என்று சொல்லிவிடுவேன். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் ஈரமானது 'தொப்' என்னும், காய்ந்தது 'டிங்' என்னும். தொண்ணூறுகளின் முற்பகுதியில், கல்முனைப் பக்கத்தில் எங்கள் ஊரில், இந்தத் தட்டலுக்குப் பயந்த விறகுக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் பயந்தது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை வருடம் கழித்து அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

அப்போது நான் ஊரின் பெரிய பேக்கரியில் கணக்கு எழுதுகிற கிளாக்கர். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல், கையெழுத்து அழகாக இருந்த ஒரே தகுதியில் கிடைத்த வேலை. ஒரு மாரியில் மழை விடாமல் அடித்தது. பாண் சுடுகிற போறணைக்குள் போட்ட விறகெல்லாம் எரியாமல் நுரை தள்ளியது. பாண் மேலே கறுத்து, உள்ளே மாவாகவே கிடந்தது. சனம் பாணைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தது. ஒருவர் அதன் நடுப்பகுதியைப் பிடுங்கி உருட்டிக் காட்டி, "இத வெச்சி சன்னலுக்குக் கண்ணாடி ஒட்டலாம்" என்றார். எங்கள் முதலாளிதான் பேக்கரிக்காரர் சங்கத்துக்கும் தலைவர். இனிமேல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றவர்களிடம் மட்டுமே விறகு வாங்குவது, அதற்கு ஒழுங்கான சட்டம் எழுதுவது என்று முடிவானது. எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது.

ஏழு சட்டம் எழுதினேன். கட்டை இரண்டு முழ நீளம் இருக்க வேண்டும். கூடினால் போறணை வாய்க்குள் போகாது. தொடையளவுக்கு மேல் பருமன் கூடாது. வெட்டி மூன்று மாதம் காய்ந்திருக்க வேண்டும். தில்லை மரம் அறவே கூடாது. கடல்நீர் ஏறுகிற களப்போரத்தில் நிற்கிற அந்த மரத்தின் பாலும் புகையும் கண்ணைக் கெடுக்கும், எங்கள் போறணைக்காரரே ஒருமுறை மூன்று நாள் கண் திறக்க முடியாமல் கிடந்தவர். ஆணி, பெயின்ட் இரண்டும் கூடாது. சந்தேகமான கட்டையைப் போறணையின் மேல் ஒரு நாள் வைத்து, முன்னும் பின்னும் நிறுத்துப் பார்க்க வேண்டும். நிறை மிஞ்சிக் குறைந்தால் லோட் முழுக்கத் திரும்பிவிடும். மூன்று லோட் திரும்பினால் அந்த ஆளுக்குச் சங்கம் கொடுத்த பச்சை அட்டை ரத்து. முதலாளி மூக்குக் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்துவிட்டு, "கவர்மென்ட்டும் தோத்துப் போகும்" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சோதனை நாளில் ஒன்பது பேர் பேக்கரியின் பின்வளவுக்கு மாதிரி விறகு கொண்டுவந்தார்கள். தட்டினேன், அளந்தேன், நிறுத்தேன். எட்டுப் பேர் தோற்றார்கள். தேறிய ஒரே ஆள் என் மனைவியின் வாப்பா.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். அந்த வீட்டைப் பெண்ணின் வாப்பா கட்டிக் கொடுப்பார், அது பெண்ணுக்குரியது. வீடு முடியாமல் கலியாணம் இல்லை. நானும் ஒரு சூட்கேஸோடு அப்படிப் போனவன்தான். "என்ட மகனுக்குக் கல்வீடு இரிக்கி, திறப்புத்தான் இல்ல" என்று என் உம்மா வருகிறவர்களிடம் எல்லாம் பகிடி பண்ணுவா; சாவி என் மனைவியிடம்தான் இருந்தது. நான் குடியிருந்த வீட்டுக்கு அடுத்த வளவில்தான் மாமாவின் விறகு வாடி.

சத்தியமாக அவருக்காக நான் அந்தச் சட்டத்தை எழுதவில்லை. ஆனால் எழுதும்போது என் கண்ணுக்குள் இருந்த விறகு அவருடையது. காலையில் பல் தீட்டும்போது மதிலுக்கு மேலால் தெரிகிற அடுக்கு: இரண்டு முழ நீளம், தொடைப் பருமன், தகரக் கூரைக்குக் கீழே மூன்று மாதம் காய்ந்தது. நல்ல விறகு எப்படி இருக்கும் என்று யோசித்தேன். தினமும் பார்த்த விறகு எழுத்தாக வந்து விழுந்தது. மற்றவர்களிடம் தகரக் கூரை இல்லை, மூன்று மாதம் காத்திருக்கிற வசதியும் இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஊருக்கு உடனே உறைத்துவிட்டது. 'மருமகன் சட்டம், மாமா விறகு' என்று தேத்தண்ணிக் கடையில் யாரோ சொல்ல, மறுநாள் பள்ளிவாசலில் ஒளு எடுக்கிற இடத்தில் அதையே என் காதில் விழும்படி சொன்னார்கள். நான் காலைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

தோற்ற எட்டுப் பேரில் ஒருவர் பெண். மேற்கே வயல்களுக்கு அப்பால் இருக்கும் தமிழ்க் கிராமம் ஒன்றிலிருந்து சைக்கிளில் விறகைக் கட்டி உருட்டிக்கொண்டு வருகிறவ. நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை, எப்படி இல்லாமல் போனார் என்று அந்த நாட்களில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. நான் பேக்கரியில் சேர முந்தியே அங்கே விறகு கொடுத்தவ. பாலையா, வீரையா, நாவலா என்று பட்டை உரித்த கட்டையை மூக்கருகில் வைத்து மணந்தே சொல்வா. அவ கொண்டுவந்த கட்டையைத் தட்டினேன். 'தொப்' என்றது.

"பச்சையா இரிக்கி அக்கா" என்றேன்.

"பச்சைதான் தம்பி. முந்தநாள் வெட்டின. காட்டுக்குள்ள மூணு மாசம் காயப் போட்டா ஆரு காவல் இரிக்கிற? போனவங்க உசிரோட திரும்பி வாறதே பெரிய காரியம்."

"சட்டம் அப்படி."

"ஆரு எழுதின சட்டம்?"

நான் எழுதியது என்று சொல்ல வாய் வரவில்லை. "சங்கம்" என்றேன்.

அதன் பிறகு அவ தன் விறகை மாமாவின் வாடியில் கொடுத்தா. அது தகரத்துக்குக் கீழே மூன்று மாதம் கிடந்து, மாமாவின் அட்டையில் பேக்கரிக்கு வந்து, 'டிங்' என்று தேறியது. இருந்தாலும் அவ விடவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் ஒரு கட்டையோடு வந்து நிற்பா. "ஒருக்காத் தட்டிப் பாருங்க தம்பி, வெயில்ல நல்லாக் காய வெச்சிரிக்கன்." தட்டுவேன். பாதிக் காய்ச்சல்தான் இருக்கும். தலையை ஆட்டுவேன். "இந்தத் தம்பிட கையில நம்மட விறகு ஒரு காலமும் பாஸாகாது" என்று போறணைக்காரரிடம் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவா. எனக்கும் சிரிப்பு வரும். சட்டம் சட்டந்தான் என்று அன்றைக்கு ஒரு நெஞ்சு நிமிர்வும் இருந்தது.

அடுத்த மாரிக்குச் சண்டை பெருத்து நிலைமை கெட்டது. மேற்கே போகிற பாதைகள் மூடின. அவவின் கிராமத்துச் சனம் எழும்பி, ஒரு பள்ளிக்கூடத்துக்குள் அகதியாகப் போய் இருந்தது. யார் துரத்தினார்கள் என்று கேட்டால் ஊருக்கு ஊர் வேறு பதில் சொல்வார்கள். எங்கள் ஆட்களும் வயற்கரை வீடுகளையும் வாடிகளையும் விட்டுவிட்டு ஊருக்குள் வந்து நெருங்கினார்கள். கிழக்கே கடல், மேற்கே போக ஏலாது, வடக்கேயும் தெற்கேயும் சோதனைச் சாவடி. இந்த நீளமான, ஒடுங்கிய ஊருக்குள் எல்லோரும் அடைபட்டுக் கிடந்தோம். மாமாவின் வாடியில் பட்டைத் தூளைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை.

அதே நேரத்தில்தான் மச்சினியின் கலியாணம் பேசி முடிந்திருந்தது. அவவுக்கு இருபத்தெட்டு வயது. இரண்டு பேச்சு வந்து, வீடு முடியவில்லை என்று முறிந்துபோனது. இது மூன்றாவது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் அவவுக்கான வீடு, நாலு சுவரும் எழும்பி, கூரை இல்லாமல் மழையில் நனைந்துகொண்டு நின்றது. நோன்புக்கு முந்தி வீடு முடிந்தால் பெருநாளைக்குப் பிறகு கலியாணம். இல்லாவிட்டால் இந்தப் பேச்சும் முறியும். மச்சினி மழை விட்ட நேரங்களில் அந்தச் சுவர்களுக்குள் போய், தேங்கின தண்ணீரைச் சிரட்டையால் அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருப்பா. மாமாவுக்கு விறகு வியாபாரத்தை விட்டால் வேறு தொழில் கிடையாது. அட்டை நின்றால் வியாபாரம் நின்றது, வியாபாரம் நின்றால் வீடு நின்றது. இதை எனக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கொஞ்ச நாளில் மாமாவின் லோட் திரும்பவும் வரத் தொடங்கியது. கொட்டுகிற மழையில், ட்ரெக்டர் பெட்டியில், தறப்பாளுக்குக் கீழே எலும்பு மாதிரிக் காய்ந்த விறகு. தட்டினேன். அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. கோயில் மணியும் தோற்றுப்போகும். முழம் சரி, பருமன் சரி. நிறுத்துப் பார்த்தேன், போறணையின் மேல் ஒரு நாள் கிடந்தும் நிறை அசையவில்லை. மகிழ்ச்சியோடு சீல் குத்தினேன்.

மூன்றாவது லோட்டில் ஒரு கட்டையின் பக்கவாட்டில் சதுரமாக உளி போட்ட துளை ஒன்றைக் கண்டேன். அடுத்ததில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள், ஆணி பிடுங்கின இடங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிதாகச் சீவியிருந்தது. சீவலுக்குக் கீழே ஒரு மூலையில் நீலப் பெயின்ட் நகக்கண் அளவுக்கு மிச்சம் இருந்தது. கூரை வளையும் கைமரமும், வாசல் நிலையும் சன்னலும். நான் தட்டித் தட்டி ரசித்ததெல்லாம் வீடுகள்.

அன்று பின்னேரம் மாமாவிடம் கேட்டேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. என்னை ஒரு நாளும் மரியாதைக் குறைவாகப் பேசாதவர். இறைச்சி ஆக்கினால் முதல் கோப்பை எனக்குத்தான் வரும்.

"இது எங்கால வாற விறகு மாமா?"

"கொண்டு வந்து விக்கிறானுகள் மருமகன். நான் ஒருத்தர்ட வீட்டையும் உடைக்கல்ல."

"ஆர்ர வீடுகள்?"

"ஆருக்குத் தெரியும்? நம்மட ஆக்கள்ரயும் இரிக்கும், அவங்கடயும் இரிக்கும். சனம் இல்லாத வீடு, கறையான் திங்கிறதப் போறணை திங்குது." பிறகு விரலை மடக்கி மடக்கிக் கேட்டார். "ஆணி இரிக்கா? இல்ல. பெயின்ட் இரிக்கா? சீவிட்டுத்தான் தாற. ஈரம் இரிக்கா? மருமகன்ட சட்டத்துல எது பிழைச்சிருக்கு, சொல்லுங்க. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?"

என் சட்டப்படி எதுவும் பிழையில்லை. பச்சை விறகைக் கொண்டுவரக் கூடாது என்று நான்தான் எழுதினேன். கொட்டுகிற மாரியில் மூன்று மாதம் காய்ந்த மரம் வேண்டுமென்றால், அது எங்கே நிற்கும்? வீடுகளில்தான் நிற்கும்.

இரண்டு நாள் யோசித்து எட்டாவது சட்டம் ஒன்றை எழுதினேன். 'வீடு, கிணறு, வேலி, வணக்கத்தலம் ஆகியவற்றிலிருந்து கழற்றிய மரம் ஏற்கப்படாது.' முதலாளியிடம் கொண்டு போனேன். அவர் நின்றபடியே வாசித்தார்.

"இதப் போட்டா நாளைக்குப் பாண் இல்ல. பாண் இல்லாட்டி ஊர் என்னைக் கேக்கும், நான் உன்னைக் கேப்பன். உன்ட மச்சினிட வீடு எந்தளவுல நிக்குது?"

"சுவர் மட்டுந்தான்."

"அப்ப இதக் கொண்டு போய் வை. பாண் வெந்தாச் சரி."

வேறு ஆளைப் பாருங்கள், நான் விறகு பார்க்கிற வேலையை விடுகிறேன் என்றேன். "நீ விட்டா மாமாட விறகு பிழை எண்டுதானே ஊர் கதைக்கும்?" என்றார். நின்றாலும் பிழை, போனாலும் பிழை. ஆப்பிழுத்த குரங்கின் கதை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அந்தக் குரங்கு தன் கையாலேயே ஆப்பை இழுத்தது என்பதும் தெரியும்.

எட்டாவது சட்டத்தைச் சட்டைப் பையில் வைத்தபடி வீட்டுக்கு வந்தேன். மறுநாள் கொடியில் சட்டை காய்ந்துகொண்டிருந்தது; பைக்குள் கடதாசி கூழாகிக் கிடந்தது. மனைவி எதையும் பையைப் பார்க்காமல் ஊறப்போடுகிறவ அல்ல.

"பாத்திட்டுத்தான் தோய்ச்சியா?"

"ஓம்" என்றா. "இஞ்ச பாருங்க, நான் உங்களப் பிழை சொல்லல்ல. எனக்கு வீடு கட்டித் தந்த மாதிரி அவளுக்கும் வாப்பா கட்டித் தரோணும். உங்கட சட்டத்தால அது நிண்டா, இந்த வீட்டுல உங்கட முகத்த நான் எப்படிப் பாக்கிற?" கத்தவில்லை, அழவில்லை. சட்டையை உதறித் திரும்பக் கொடியில் போட்டா. அந்தக் கொடி, அந்த மதில், நான் நின்றிருந்த மண் எல்லாமே அவவுடையது. எனக்குக் கோபம் வந்தது, அதைக் கொண்டு போய் இறக்கி வைக்க எனக்கென்று ஓர் இடம் இருக்கவில்லை.

தினமும் சீல் குத்தினேன். அந்த மாரியில் எங்கள் பாண் வெந்த மாதிரி வேறு எந்தக் காலத்திலும் வேகவில்லை. பொன்னிறமாக, மேல்தோல் மொறுமொறு என்று வந்தது. "இப்பத்தான் சட்டத்துட அருமை விளங்குது" என்று கண்ணாடி ஒட்டலாம் என்று சொன்ன அதே மனிதர் என் தோளில் தட்டினார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். நான் பாண் தின்பதை விட்டுவிட்டேன். காலையில் பழஞ்சோறு போதும் என்றதும் மனைவி அடுத்த நாளிலிருந்து அதையே வைத்தா.

மழை விட்டு வெயில் ஏறின ஒரு காலையில் அவ வந்தா, விறகுக்காரப் பெண். சைக்கிள் இல்லை. ஆள் பாதியாகியிருந்தா.

"விறகு கொண்டு வரல்ல தம்பி. ஒண்டு பாக்க வந்த. எங்கட ஆக்களோட போய் வீட்டப் பாத்துட்டு வந்தன். சுவர்தான் நிக்குது. மரமெல்லாம் கடற்கரை ஊர்களுக்குப் பாண் சுடப் போகுது எண்டு சொன்னாங்க. ரெண்டு பேக்கரி பாத்துட்டன்."

தேறின அடுக்கை வெளியாட்கள் தொடக் கூடாது என்று ஒரு வழக்கம் இருந்தது. நான் விலகி வழி விட்டேன். அவ அடுக்குக்கு முன்னால் குந்தினா. ஒவ்வொரு கட்டையாக எடுத்து, விரலால் தடவி, மணந்து, திரும்ப வைத்தா. "இது முதிரை, இது எங்கட இல்ல." இன்னொன்றை எடுத்தா, வைத்தா. நெடுநேரம் அப்படியே போனது. பிறகு ஒரு கட்டையைக் கீழே மண்ணில் வைத்தா. இன்னொன்றைக் கொண்டு வந்து அதற்கு நேராகப் பொருத்தினா. வாளால் அறுத்த வாய் இரண்டும் மயிர் போகாமல் சேர்ந்தன. ஐந்து கட்டைகள் கிடைத்தன. ஒரு பக்கம் முழுக் கால், மறுபக்கம் பாதிக் கால், மேலே ஒன்று, கீழே படி. பேக்கரிப் பின்வளவில், வெயிலில், ஒரு வீட்டு வாசல் மல்லாந்து கிடந்தது. மற்றப் பாதிக் கால் அதற்குள் எரிந்து முடிந்திருக்க வேண்டும்.

"மேலயும் பக்கமும் பாலை. எனக்குக் கலியாணம் பேசக்குள்ள அப்பா வெச்ச நிலை. கீழ்ப்படியக் கறையான் திண்டுட்டு எண்டு நான்தான் வீரை வெட்டி மாத்தின." வாள் போட்ட இடத்தை விரலால் தொட்டா. "இதென்னத்துக்கு இப்பிடித் துண்டு போட்டிரிக்கி?"

"ரெண்டு முழம் இரிக்கோணும்."

"சட்டமா?"

"ஓம்."

இரண்டு துண்டுகளைக் கையில் எடுத்து, நான் தட்டுகிற மாதிரியே ஒன்றோடொன்று தட்டினா. 'டிங்' என்றது. என்னை நிமிர்ந்து பார்த்தா.

"இது பாஸா தம்பி?"

அடுக்கில் என் சீலும் கையெழுத்தும் போட்ட துண்டு செருகியிருந்தது. "ஓம் அக்கா" என்றேன்.

"அப்ப எங்கட விறகும் ஒருக்காப் பாஸாகிட்டு" என்றா.

அவ சிரிக்கவில்லை. ஏசியிருந்தால், மண்ணை அள்ளி எறிந்திருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். "எடுத்துட்டுப் போங்க அக்கா, நான் பாத்துக்கொள்றன்" என்றேன். "எங்க கொண்டு போய் வைக்கிற? பள்ளிக்கூடத்து மேசை வாங்குக்குக் கீழயா?" என்று கேட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வந்த வழியே போனா. போறணைக்காரர் உள்ளே இருந்து விறகு கேட்டுச் சத்தம் போட்டார். குனிந்து ஐந்து கட்டைகளையும் நானே பொறுக்கி அவரிடம் கொடுத்தேன்.

பகல் மாமாவின் அடுத்த லோட் வந்தது. தட்டிப் பார்த்தேன். நல்ல சத்தம். சீல் குத்தினேன். நோன்புக்கு முந்தி மச்சினியின் வீட்டுக்கு ஓடு போட்டார்கள். ஏணியில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.